அண்ணனுக்கு அனுப்பாத கருவாடு

அடுகோடியில் நாம் வாடகைக்கு இருந்த வீட்டில் கருவாடு சமைப்பதற்கென்று ஒரு நாள் உண்டு. மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா மல்லேஸ்வரத்தில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைதான் அது. மாதத்தில் ஒன்று வரும், சில மாதம் வராது. அவர் சுத்த சைவம், ஆனால் நல்ல மனுஷி. நாம் குடிவந்த அன்றே எல்லாவற்றையும் பேசிவிட்டார். முட்டை செய்துகொள்ளலாம். கறி, கோழி கூட ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்துகொள்ளலாம். "ஒணமீனு மாத்ர பேடா" என்று கன்னடத்தில் கண்டிப்பாகச் சொன்னார். கருவாடு மட்டும் வேண்டாம் என்று அர்த்தம். நான் சரி என்று தலையாட்டினேன். என் பின்னால் நின்றிருந்த உங்கள் அம்மா தலையாட்டவில்லை.

கடலூரிலிருந்து மாமா வரும்போதெல்லாம் நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம் வரும். வஞ்சிரத்தைத் துண்டு போட்டு உப்பில் ஊறவைத்துக் காயவைத்தது. அம்மா அதைப் பழைய பால் பவுடர் டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைப்பாள். வீட்டுக்கார அம்மா ஆட்டோவில் ஏறி முனை திரும்புகிற வரைக்கும் உங்கள் அண்ணன் கேட் பக்கம் நின்று பார்ப்பான். திரும்பியதும் உள்ளே வந்து, "மா, லைன் கிளியர்" என்பான். அடுப்பு எரியும். கத்தரிக்காயும் மொச்சையும் போட்டு, புளி கொஞ்சம் தூக்கலாக, அம்மா வைக்கிற அந்தக் குழம்புக்கு அவன் மூன்று முறை சோறு வாங்குவான். சாப்பிட்டு முடித்ததும் உடனே கை கழுவ மாட்டான். விரலை மோந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். நீங்கள் இரண்டு பேரும் சின்னவர்கள், அவனைப் பார்த்து நீங்களும் மோந்து பார்ப்பீர்கள்.

சாயங்காலம் அம்மா வீடு முழுக்க சாம்பிராணி போட்டுவிடுவாள். திரும்பி வந்த வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று மூச்சை இழுத்து, "ஏன்ரீ, இவத்து மனேலி பூஜேனா?" என்று கேட்பார். வீட்டில் இன்று பூஜையா என்று. "ஹௌது ஆன்ட்டி, தொட்ட பூஜே" என்பான் உங்கள் அண்ணன். ஆமாம், பெரிய பூஜை.

இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். தெரியாததைச் சொல்வதற்குத்தான் இந்த நோட்டில் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன், எழுதுவதில் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். மெஷின் பாகங்களை மரப்பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற பேக்கிங் செக்ஷன். அண்ணன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நான் கட்டிய ஒரு பெட்டி ஆஸ்திரேலியாவில் துறைமுகத்தைத் தாண்டாமல் நின்றுவிட்டது. பெட்டியின் அடிப்பலகையில் ஒரு விரல் நீளத்துக்கு மரப்பட்டை உரிக்காமல் இருந்ததாம். பட்டைக்குள் பூச்சி இருக்கும், அது அவர்கள் காட்டுக்குப் போய்விடும் என்று முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அந்தப் பட்டையை மேஜை மேல் வைத்து, "இது என்னா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பலகையையும் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் ஆணி அடிப்பேன். அந்த தேசத்தின் பெயரைக் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அவர்கள் சட்டம் எனக்குத் தெரியும் என்று ஒரு பெருமையும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. பயத்தையும் பெருமையையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அண்ணனுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது அதே தேசத்தில். காலேஜிலிருந்து வந்த காகிதங்களோடு ஒரு படம் போட்ட தாளும் வந்தது. ஒரு நாய், ஒரு குப்பைத்தொட்டி, கீழே ஒரு பட்டியல். கறி, பால், முட்டை, மீன், தேன், விதை என்று போயிற்று. நான் அகராதியை வைத்துக்கொண்டு பட்டியலை முழுக்கப் படித்தேன். மீன் என்று இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அவன் கிளம்புவதற்கு முதல் நாள் பெட்டியை நான்தான் கட்டினேன். வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுகிறவன் வீட்டில் வேறு யார் கட்டுவார்கள். சட்டைகளுக்கு நடுவில் கை கெட்டியாக எதிலோ இடித்தது. ஒரு பழைய பனியனில் சுற்றி, அதற்கு மேல் பாலிதீன் கவர்.

"என்னாது இது?"

"நாலு துண்டுதாங்க" என்றாள் அம்மா. "மூணு கவர் போட்டிருக்கேன். வாசமே வராது."

"வாசம் வருதா இல்லியான்னு இல்ல. அங்க நாய் வெச்சிருக்கான்."

"நாய்க்கு ஒரு துண்டு குடுத்துட்டா விட்டுடாதாப்பா?" என்றான் அண்ணன்.

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பொட்டலத்தை எடுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் தலை துவட்டுகிற துண்டு ஒன்றை மடித்து வைத்தேன். அவன் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து, நான் ஜிப் இழுப்பதற்கு வசதி செய்து கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் வரும். சாப்பிட்டாயா, குளிருகிறதா என்று நான் கேட்டு முடித்த பிறகு அம்மாவிடம் கொடுப்பேன். அவளிடம் அவன் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"மா, வீட்டுக்காரம்மா மல்லேஸ்வரம் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கடா." அவர் போகாத வாரத்திலும் அம்மா அப்படித்தான் சொல்வாள்.

"அப்ப போனை கொஞ்சம் அடுப்புப் பக்கம் காட்டு."

அவள் நிஜமாகவே ரிசீவரை நீட்டுவாள். வயர் அடுப்பங்கரை வரைக்கும் எட்டாது. "எட்டலடா" என்பாள். "சரி, இங்கியே கொஞ்சம் வருது" என்பான். ஒவ்வொரு வாரமும் இதுதான், ஒவ்வொரு வாரமும் அவள் புதிதாகச் சிரிப்பாள். அனுப்பக் கூடாது என்று நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருப்பேன். அங்கே கடையில் கிடைக்காதா என்று ஒரு தடவை கேட்டேன். கிடைக்கும், ஆனால் அது வேறு எதுவோ மாதிரி இருக்கிறது என்றான்.

அவன் போய் ஒரு வருஷம் ஆனபோது அவனோடு படிக்கிற பையன் ஒருவன் லீவில் வந்திருந்தான். சந்தாபுராவில் அவன் வீடு. திரும்பிப் போவதற்கு முன்னால், ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமா என்று கேட்க நம் வீட்டுக்கு வந்தான். அம்மா அவன் வருவது தெரிந்து மாமாவிடம் சொல்லி நல்ல வஞ்சிரமாக வரவழைத்து வைத்திருந்தாள். முறுக்கு, மிளகாய்ப்பொடி, அதோடு அந்தப் பொட்டலம்.

"ஆன்ட்டி, குடுங்க, நான் எடுத்துக்கினு போறேன். ஒண்ணும் ஆவாது" என்றான் அந்தப் பையன்.

"அதெல்லாம் வேணாம் தம்பி" என்றேன் நான். "பூச்சி பட்ட மரப்பட்டையவே திருப்பி அனுப்பறவன், மீனை விடுவானா. உன் பேருலயும் என் பையன் பேருலயும் ஒரு கறை வரக்கூடாது. விசாவுல குத்திட்டான்னா அழிக்க முடியாது."

"இல்ல அங்கிள், நாம சொல்லிட்டா..."

"வேணாம்னு சொல்றேன்ல."

அவன் வாய் மூடிக்கொண்டான். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாத பையன். அன்று அவனை முழுசாகப் பேச விட்டிருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அம்மா பொட்டலத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் கருவாட்டை அவள் சமைக்கவில்லை. மாமா அடுத்த முறை வந்தபோது அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாவது வருஷத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று சொன்னான். பிறகு அவன் ரூமில் கூட இருக்கும் பையன் போன் செய்தான். ரத்தத்தில் புற்றுநோய் என்றான். கம்பெனியில் எல்லாரும் உதவி செய்து, எனக்கும் அம்மாவுக்கும் விசா, டிக்கெட் எல்லாம் ஆயிற்று. உங்களைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அந்த முறை பெட்டியை அம்மாதான் கட்டினாள். மேலேயே, திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி கருவாட்டை வைத்திருந்தாள்.

"வேணாம்னு சொல்லாதீங்க" என்றாள். "வாய்க்கு எதுவுமே பிடிக்கலன்னு சொல்றான் புள்ள. நான் எடுத்துக்கினுதான் போவேன்."

"ஃபாரத்துல கேப்பான். நான் பொய் எழுத மாட்டேன்."

"யார் உங்கள பொய் எழுதச் சொன்னா. இருக்குதுன்னே எழுதுங்க. அவங்க புடுங்கி குப்பையில போட்டா, போடறத நின்னு பாத்துட்டு வரேன். நான் கொண்டாந்தேன், அவங்க புடுங்கிட்டாங்கன்னு எம்புள்ளகிட்ட சொல்லணும். கொண்டாரவே இல்லன்னு சொல்ல முடியாது."

விமானத்தில் ஒரு அட்டை கொடுத்தார்கள். கறி, மீன், முட்டை, பால் பொருள் ஏதாவது கொண்டு வருகிறீர்களா என்ற இடத்தில் 'ஆம்' என்பதில் குறியிட்டேன். பேனா அட்டையில் ஓட்டை போடுகிற அளவுக்கு அழுத்திப் போட்டேன்.

இறங்கியதும் எங்களைத் தனி வரிசையில் நிறுத்தினார்கள். கையுறை போட்ட ஒரு பெண் அதிகாரி, அண்ணன் வயதுதான் இருக்கும், பெட்டியைத் திறக்கச் சொன்னாள். கவர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசிக் கவரைப் பிரித்ததும் வாசம் கிளம்பியது. எங்களுக்குப் பின்னால் நின்ற நம்ம ஊர்க் குடும்பம் ஒன்று அடுத்த வரிசைக்கு நகர்ந்துகொண்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் நிதானமாக, எனக்குப் புரிகிற மாதிரி ஆங்கிலத்தில் கேட்டாள். இது மீனா, தலை எடுத்துவிட்டதா, குடல் எடுத்துச் சுத்தம் செய்ததா, சொந்தச் சாப்பாட்டுக்கா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். ஒரு துண்டை விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பெட்டியில் இருந்த பால்கோவாவையும் கறிவேப்பிலையையும் எடுத்துத் தொட்டியில் போட்டாள். பிறகு கருவாட்டை நாங்கள் சுற்றியிருந்ததைவிட ஒழுங்காகச் சுற்றி, பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

நான் புரியாமல் நின்றேன். மீன், என்றேன் ஆங்கிலத்தில். அது மீன்.

ஆமாம், பரவாயில்லை, என்றாள். சுத்தம் செய்து காய்ந்த மீன், உங்கள் சாப்பாட்டுக்கு அளவாக இருந்தால் கொண்டு வரலாம். எங்களிடம் சொல்ல வேண்டும், நாங்கள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சொன்னதற்கு நன்றி, என்றாள்.

இப்போதுதான் புதிதாக அனுமதித்தீர்களா என்று கேட்டேன். எப்படிக் கேட்டேனோ தெரியவில்லை, அவளுக்குப் புரிந்தது. இல்லை, நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இப்படித்தான், என்றாள்.

அந்த நாய்ப் படம் போட்ட தாளின் பட்டியலுக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி இருந்தது. இவை உங்களிடம் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்பதுதான் அந்த வரி. நான் பட்டியலைப் படித்தேன், அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். சொல்ல வேண்டியவற்றின் பட்டியலை, கொண்டுவரக் கூடாதவற்றின் பட்டியல் என்று முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெண் பொட்டலத்தைத் திரும்ப வைத்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் அதைக் குப்பையில் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நான் சொன்னது சரியாகியிருக்கும். ஆஸ்பத்திரியில் கிடக்கிற மகனைப் பார்க்கப் போகிற அப்பாவுக்கு அந்த நேரத்தில் வந்த நினைப்பு அது.

"என்னா சொல்லுச்சு அந்தப் பொண்ணு?" என்று அம்மா கேட்டாள். "விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க" என்றேன். "பையன் ஒடம்பு சரியில்லாம இருக்கான்னு சொன்னேன். பாவம் பாத்து விட்டுட்டாங்க."

அம்மா திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்துக் கை கூப்பினாள். அவளும் ஒன்றும் புரியாமல் கை கூப்பினாள்.

அண்ணனைப் பார்த்தோம். அதை எழுத என்னால் முடியாது. அவன் தலைமுடி எவ்வளவு அடர்த்தி என்று உங்களுக்குத் தெரியும், அவ்வளவு சொன்னால் போதும்.

வெளியிலிருந்து சாப்பாடு கொண்டு வரலாமா என்று நர்ஸிடம் கேட்டேன். அந்த முறை நான் கேட்டேன். நன்றாக வேகவைத்து, சூடாக, சமைத்த உடனே கொண்டுவந்தால் கொஞ்சம் தரலாம் என்றார். மறுநாள் காலையில், அவன் தங்கிப் படித்த ரூமில் அம்மா சமைத்தாள். கத்தரிக்காய் கிடைத்தது, மொச்சை கிடைக்கவில்லை. அவனோடு இருக்கும் பையன் காரில் எங்களைக் கொண்டுவந்து விட்டான். அம்மா டப்பாவை மடியில் வைத்து, முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அண்ணனைச் சாய்த்து உட்காரவைத்து அவளே பிசைந்து ஊட்டினாள். முதல் வாய் வாங்கினான். மென்றான். "எப்டிடா இருக்குது?" என்று கேட்டாள். "லைன் கிளியர்மா" என்றான். இரண்டாவது வாய் வாங்கினான். அதற்கு மேல், இன்றைக்குப் போதும் என்றான். அம்மாவுக்கு முகமெல்லாம் ஒரு வெளிச்சம். டப்பாவைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனாள்.

கதவு சாத்தியதும் அவன் கையை நீட்டினான். நான் தட்டை எடுத்துக் கொடுத்ததுமே எல்லாம் வாந்தியாக வந்துவிட்டது. மருந்து அவன் வாயையும் மூக்கையும் அப்படி ஆக்கி வைத்திருந்தது. எந்த வாசத்துக்கு விரலை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பானோ அந்த வாசமே அவனைக் குமட்டியது. நான் துடைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"ஏர்போர்ட்ல என்னா சொன்னாங்கப்பா?"

"நீ ஒடம்பு சரியில்லாம இருக்கேன்னு சொன்னேன். பாவம் பாத்து விட்டுட்டாங்க."

சிரித்தான். "அம்மாகிட்ட சொன்ன பொய்ய என்கிட்டயுமாப்பா? மீனு எப்பவுமே விடுவாங்க. சொல்லிட்டு கொண்டாந்தா போதும். என் ரூம்ல இருக்கறவனோட அம்மா வந்தப்ப ஒரு பை கொண்டாந்தாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"இங்க வந்த ரெண்டாவது மாசமே தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே. போன்ல. நீங்கதான், இத்தினி வருஷமா அந்த ஊருக்குப் பெட்டி கட்டறவன் நானு, எனக்கே நீ ரூல்ஸ் சொல்லித் தரியான்னு போனை வெச்சிட்டீங்க."

எனக்கு அது நினைவில்லை. இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், அந்த போன் எனக்கு ஞாபகத்துக்கு வரவேயில்லை. ஆனால் அது என் பேச்சுதான். வேறு யாரும் அப்படிப் பேசியிருக்க முடியாது.

"அதுக்கப்புறமும் வாரா வாரம் அம்மாகிட்ட கேட்டுக்கினே இருந்தியேடா."

"அது சும்மாப்பா. அம்மா சிரிக்கும்ல" என்றான். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றான். தட்டைக் காட்டி, "இதையும்" என்றான்.

அம்மா கழுவிய டப்பாவோடு உள்ளே வந்தாள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவன் வாய் வழியாக அதிகம் சாப்பிடவில்லை. மூன்று வாரம் இருந்தான். அங்கேயே தகனம் செய்தோம். சின்னப் பெட்டியோடு நாங்கள் வந்து இறங்கியதை நீங்கள் பார்த்தீர்கள்.

அம்மா அந்த இரண்டு வாயை வைத்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். "கடைசியில எங்கையால ரெண்டு வாய் கருவாட்டுச் சோறு சாப்பிட்டான். நல்லாருக்குதுன்னான். ஏர்போர்ட்டுல ஒரு பொண்ணு, யார் பெத்த பொண்ணோ, சட்டத்தையும் பாக்காம மனசு எறங்கி விட்டுச்சு." வீட்டுக்கார அம்மா கீழே இறங்கி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எதையும் மறைக்காமல் கன்னடத்தில் சொன்னாள். இத்தனை வருஷமாக ஒணமீன் சமைத்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவனிகே இஷ்டவாகித்தா?" என்று மட்டும் கேட்டார். அவனுக்குப் பிடித்திருந்ததா என்று.

பிறகு நாம் சந்தாபுராவில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தோம். மேலே யாரும் இல்லை. எந்தக் கிழமை வேண்டுமானாலும் கருவாடு சமைக்கலாம். அம்மா சமைத்ததில்லை.

மகளே, உனக்குக் கல்யாணமாகி, நீயும் அதே தேசத்துக்கு, வேறு ஊருக்குக் கிளம்பினாய். பெட்டி கட்டும்போது நீ விளையாட்டாகத்தான் கேட்டாய். "மா, எனக்குக் கருவாடு இல்லியா?"

அம்மா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "வேணாம்டி. அன்னிக்கு அண்ணன் ஒடம்பு முடியாம இருந்தான்னு விட்டாங்க. ஒனக்கு யாரு விடுவா. அப்பா மொதல்ல இருந்தே சொன்னாரு, சட்டம்னு. சரியாத்தான் சொன்னாரு."

நீ சரி என்று விட்டுவிட்டாய். நான் அங்கேதான் பெட்டிக்குக் கயிறு பார்த்துக்கொண்டிருந்தேன். என் பொய்யை வைத்து அவள் இன்னொரு பிள்ளைக்கும் இல்லை என்று சொல்லிவிட்டாள். அதுவும், நான் சரியாகச் சொன்னேன் என்று சொல்லி.

அடுத்த நாள் கம்பெனியில் கம்ப்யூட்டரில் வேலை செய்கிற பையனிடம் சொல்லி, அந்த நாட்டின் விதியை எடுத்து முழுக்கப் படித்துக்காட்டச் சொன்னேன். வருஷத்துக்கு வருஷம் மாறும் என்றான். மீன் அப்படியேதான் இருந்தது. வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் கடைக்குப் போயிருந்தீர்கள். அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அந்தப் பொண்ணு பாவம் பாத்து விடல. காஞ்ச மீனுக்கு அங்க தடையே இல்ல. சொல்லிட்டு கொண்டு போனா விடுவாங்க."

"இப்பவா?"

"அப்பவே."

உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "நாம போனப்பவா?"

"அதுக்கு முன்னாடியும்."

"அவன் ஃப்ரெண்டு வந்து கேட்டப்ப?"

"ஆமா."

"புள்ள மொதல்ல கெளம்பினப்ப? அந்த நாலு துண்டு?"

"ஆமா."

என்னைத் திட்டுவாள் என்று நின்றுகொண்டே இருந்தேன். மீதி வெங்காயத்தையும் உரித்து முடித்தாள். எழுந்து கை கழுவிக்கொண்டு போய் மாமாவுக்கு போன் போட்டாள். "வஞ்சிரம் வேணும்டா. தல இல்லாம, கொடல் சுத்தமா எடுத்து, நல்லா காஞ்சதா. நாளைக்கு பஸ்ல குடுத்தனுப்பு" என்றாள். நீ கிளம்புகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. ஏன் என்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

இதற்குள் இருக்கிற பாடத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்கு அது ஒன்றுதான் தெரியும். எந்த ஊர் எல்லையைத் தாண்டினாலும், கறியோ மீனோ பாலோ முட்டையோ கையில் இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். திறந்து காட்டுங்கள். அவர்கள் எடுத்தால் எடுக்கட்டும், அது அவர்கள் வேலை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேளுங்கள். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீங்களே இல்லை என்று முடிவு செய்துகொண்டு, கேட்கிற பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள்.

தட்டைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அந்த இரண்டு வாயை அவளிடமே விட்டுவிடுங்கள். அதனால்தான் இந்த நோட்டை நான் கம்பெனியில் வைத்திருக்கிறேன்.

நீ போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் உன் போன் வந்தது. அம்மா எடுத்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். நீ சத்தமாகப் பேசியதால் எனக்கும் கேட்டது. "மா, கேட்டாங்க, தொறந்து காட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆவல. எடுத்துக்கினு போன்னுட்டாங்க" என்றாய். அதற்குப் பிறகு லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்தாய். லைன் கட்டாகவில்லை. அம்மாதான் வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு நிமிஷம்கூட ஆவலையாங்க" என்றாள் என்னைப் பார்த்து.

நீ மறுபடி கூப்பிட்டாய். மூன்று தடவை மணி அடித்து அடித்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அங்கேயேதான் இருந்தோம்.